சௌமியா சுவாமிநாதன்

சௌமியா சுவாமிநாதன் (பிறப்பு: மே 2, 1959, சென்னை) ஓர் இந்தியக் குழந்தைநல மருத்துவரும் காசநோய் ஆய்வாளரும் ஆவார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநராகவும், உலக சுகாதார அமைப்பின் முதல் தலைமை அறிவியலாளராகவும் பணியாற்றியவர்.

குடும்பமும் கல்வியும்

இவரது தந்தை வேளாண் அறிவியலாளர் எம். எசு. சுவாமிநாதன். தாய் மீனா சுவாமிநாதன் முன்பருவக் கல்வி வல்லுநர். பள்ளி வயதை எட்டாத குழந்தைகளின் வளர்ச்சி குறித்து ஆராய்ந்த அரசுக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். 1972 இல் வெளியான அக்குழுவின் அறிக்கை, 1975 இல் தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் (அங்கன்வாடி) திட்டத்திற்கு வழிவகுத்தவற்றுள் ஒன்று.

சௌமியா புனே ஆயுதப்படை மருத்துவக் கல்லூரியில் இளநிலைப் பட்டமும், தில்லி அனைத்திந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் குழந்தை மருத்துவத்தில் முதுநிலைப் பட்டமும் பெற்றார். பின்னர் லாஸ் ஏஞ்சலஸ் குழந்தைகள் மருத்துவமனையில் பச்சிளங்குழந்தை மருத்துவத்திலும் குழந்தைகளின் நுரையீரல் நோய்களிலும் பயிற்சி பெற்றார்.

சென்னையும் செங்கல்பட்டும்

1992 இல் சென்னை காசநோய் ஆய்வு மையத்தில் சேர்ந்தார். 1956 இல் தொடங்கப்பட்ட இம்மையம் 2011 இல் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் எனப் பெயர் மாற்றப்பட்டது. காசநோயாளியை வீட்டில் வைத்து மருத்துவம் செய்வது மருத்துவமனையில் சேர்ப்பதற்கு இணையான பயன் தரும் என்பதையும், அதனால் உடன் வாழும் குழந்தைகள் உள்ளிட்டோருக்கு நோய்த்தொற்று அபாயம் கூடுவதில்லை என்பதையும் இம்மையத்தின் ஆய்வுகள் காட்டின.

தமிழ்நாட்டின் மற்றொரு புகழ்பெற்ற காசநோய் ஆய்வு, பி.சி.ஜி. தடுப்பூசி குறித்துச் செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968 இல் தொடங்கியது. அன்றைய மாவட்டம் மாமல்லபுரம் கடற்கரை, காஞ்சிபுரம், திருவள்ளூர் ஆகியவற்றை உள்ளடக்கியது. ஆய்வு அதன் ஒரு பகுதியில் நடைபெற்றது. 2,81,161 பேருக்குத் தடுப்பூசியோ போலி ஊசியோ போடப்பட்டது. 15 ஆண்டுத் தொடர்கண்காணிப்பின் முடிவுகள் 1999 இல் வெளியாயின. நுரையீரல் காசநோயிலிருந்து பெரியவர்களுக்குப் பாதுகாப்பு எதுவும் கிட்டவில்லை. குழந்தைகளுக்கு 27 விழுக்காடு என்ற குறைந்த அளவே கிட்டியது. எனினும், மூளை உறைக் காசநோய் போன்ற கடும் வடிவங்களிலிருந்து சிறு குழந்தைகளைக் காப்பதால் இத்தடுப்பூசி இந்தியாவில் பிறந்தவுடன் போடப்படுகிறது. தடுப்பூசி மட்டும் போதாது என்பதால், குழந்தைகளிடம் நோயை விரைந்து கண்டறிவதும் சரியான அளவில் மருந்து தருவதும் இன்றியமையாதன ஆயின.

ஆய்வுகள்

குழந்தைகளின் காசநோயும், எச்.ஐ.வி. தொற்றுடன் சேர்ந்து வரும் காசநோயும் இவரது முதன்மை ஆய்வுத் துறைகள். சிறு குழந்தைகள் சளியை வெளியே துப்புவதில்லை. அவர்களது மாதிரிகளில் நோய்க்கிருமிகளும் குறைவு. எனவே அவர்களிடம் நோயை உறுதிப்படுத்துவது கடினம்.

மருந்தளவிலும் சிக்கல் உண்டு. குழந்தையின் உடல் சில மருந்துகளைப் பெரியவர்களைவிட விரைவாக வெளியேற்றுகிறது. எடைக்கு ஏற்பப் பெரியவருக்குரிய அளவைக் குறைத்துக் கொடுத்தால், இரத்தத்தில் போதிய மருந்து சேர்வதில்லை. இவர் பங்கேற்று 2013 இல் வெளியான ஆய்வொன்று, மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளிடம் மருந்துச் செறிவு குறைவாக இருப்பதையும், ரிபாம்பிசின், பைராசினமைடு ஆகியவற்றின் செறிவு சிகிச்சையின் பலனைப் பாதிப்பதையும் காட்டியது. உலக சுகாதார அமைப்பு 2010 இலேயே குழந்தைகளுக்கான ரிபாம்பிசின் அளவை, உடல் எடையில் கிலோவுக்கு 10 மில்லிகிராமிலிருந்து 15 மில்லிகிராமாக உயர்த்தியிருந்தது.

நிருவாகப் பொறுப்புகள்

தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராக இருந்த இவர், 2015 முதல் 2017 வரை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநராகவும், நலவாழ்வு ஆராய்ச்சித் துறைச் செயலாளராகவும் இருந்தார். 2017 இல் உலக சுகாதார அமைப்பின் துணைத் தலைமை இயக்குநராகவும், 2019 இல் தலைமை அறிவியலாளராகவும் பொறுப்பேற்றார். கோவிட்-19 பெருந்தொற்றுக் காலத்தில் அப்பதவியில் இருந்து 2022 இல் விலகினார். அந்நோய் காற்றின் வழியே பரவுவதை அவ்வமைப்பு முன்னரே ஒப்புக்கொண்டிருக்க வேண்டும் என்று விலகும் வேளையில் கருத்துத் தெரிவித்தார்.

2023 இல் சென்னையிலுள்ள எம். எசு. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைவரானார். 2024 இல் தேசிய காசநோய் ஒழிப்புத் திட்டத்தின் முதன்மை ஆலோசகராக நடுவண் அரசால் நியமிக்கப்பட்டார்.