இந்திய தண்டனைச் சட்டத்தின் 309, 377 பிரிவுகளும் தமிழகப் பால்புதுமையரின் உயிர்க்காப்பும்

ஆய்வுச் சுருக்கம்

தன்பால் ஈர்ப்பினர், இருபால் ஈர்ப்பினர், திருநர் ஆகியோரிடையே நிகழும் தற்கொலைகளைத் தடுக்கும் முயற்சிகள் தமிழகத்தில் காலந்தாழ்ந்தே தோன்றின. காலனியச் சட்டத்தின் 309, 377 ஆகிய இரு பிரிவுகளும் சேர்ந்து உருவாக்கிய மறைப்பே இத்தாமதத்திற்கு முதன்மைக் காரணம் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: பால்புதுமையர், தற்கொலைத் தடுப்பு, மனநலம், காலனியச் சட்டம், திருநர் நல வாரியம்.

முன்னுரை

தற்கொலைகள் குறித்த தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகள் ‘குடும்பச் சிக்கல்’, ‘காதல் விவகாரம்’ முதலான காரணங்களைப் பட்டியலிடுகின்றன. திருநருக்கெனத் தனிப் பிரிவு அண்மைக் காலத்தில் சேர்க்கப்பட்டது. ஆனால் இறந்தவரின் பாலீர்ப்பைக் குறிக்கும் பகுப்பு எதுவும் அவ்வறிக்கைகளில் இல்லை. எனவே, தன்பால் ஈர்ப்பினரின் மரணங்கள் பொதுக் காரணங்களுள் கரைந்துவிடுகின்றன. இவ்வரலாற்றை எழுத முற்படுவோர், புள்ளிவிவரங்களை விடச் சட்டங்களையும் தீர்ப்புகளையும் அரசாணைகளையுமே பெரிதும் சார்ந்திருக்க வேண்டியுள்ளது.

இரு பிரிவுகளின் இணைப்பாதை

1862ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த இந்திய தண்டனைச் சட்டம், தற்கொலை முயற்சியை 309ஆம் பிரிவிலும் ‘இயற்கைக்கு மாறான’ உறவை 377ஆம் பிரிவிலும் குற்றமாக்கியது. தன்பால் உறவின் காரணமாக உயிர்மாய்க்க முயன்று பிழைத்த ஒருவர், மருத்துவமனையில் தம் செயலையும் அதன் காரணத்தையும் ஒருசேர மறைக்க வேண்டியிருந்தது. காரணம் மறைக்கப்பட்டதால் அவருக்குரிய உதவியும் கிட்டாமற் போயிற்று.

இவ்விரு பிரிவுகளின் பிற்கால வரலாறும் ஏறத்தாழ ஒரே தடத்தில் அமைந்தது. 309ஆம் பிரிவை 1994இல் உச்ச நீதிமன்றம் செல்லாதென அறிவித்தது. 1996இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அதற்கு மீண்டும் உயிரளித்தது. 377ஆம் பிரிவின் வரம்பை 2009இல் தில்லி உயர் நீதிமன்றம் குறுக்கியது. 2013இல் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. 2018ஆம் ஆண்டு இரண்டிற்கும் திருப்புமுனையாயிற்று. அவ்வாண்டு நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும் என்றது. அச்சட்டம் பாலீர்ப்பின் அடிப்படையில் மருத்துவப் பாகுபாடு காட்டுவதையும் விலக்கியது. அதே ஆண்டு செப்டம்பர் 6ஆம் நாள், வயதுவந்தோரின் இசைவுடன் கூடிய தன்பால் உறவு குற்றமன்று என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தமிழகத்தில் உருவான அமைப்புகள்

1986இல் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் சென்னையில் ‘சிநேகா’ தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தொடங்கினார். பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் மறைகாப்புடன் செவிமடுத்தல் என்பதே அதன் முறை. 309ஆம் பிரிவு நடைமுறையிலிருந்த காலத்தில் இம்மறைகாப்பு தனிச் சிறப்புடையது.

1998இல் சென்னையில் தோன்றிய ‘சகோதரன்’ அமைப்பின் பணி எச்.ஐ.வி. தடுப்பை மையமாகக் கொண்டது. அக்காலத்தில் பால்புதுமையர் நலனுக்கான நிதி பெரும்பாலும் எச்.ஐ.வி. திட்டங்களின் வழியே வந்தது. இதனால் ஆண்களும் திருநங்கையரும் ஓரளவு பயன்பெற்றனர். தன்பால் ஈர்ப்புடைய பெண்கள் அவ்வட்டத்திற்கு வெளியே நின்றனர்.

இவ்வேறுபாட்டின் விளைவை இரு நிகழ்வுகள் காட்டுகின்றன. 2006இல் சென்னையில் திருட்டு வழக்கொன்றின் தொடர்பில் விசாரிக்கப்பட்ட திருநர் ஒருவர், காவலர்களின் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளாகி உயிர்துறந்தார். உடன்பிறந்தவர் தொடுத்த வழக்கில் 2007இல் சென்னை உயர் நீதிமன்றம் ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. 2006 டிசம்பரில் திருநரின் கல்விச் சேர்க்கை குறித்த அரசாணையும், 2008 ஏப்ரல் 15இல் நாட்டிலேயே முதலாவதான திருநர் நல வாரியமும் வந்தன. வாரியம் தோன்றிய மறுமாதமே, குடும்பத்தாரின் எதிர்ப்புக்குள்ளான இரு பெண்கள் சென்னையில் ஒன்றாக உயிர்துறந்தனர். அவர்களைப் போன்றோர் நாடிச் செல்லத்தக்க அரசு வாயில் ஏதும் அன்று இல்லை.

2021 தீர்ப்பும் அதன் தொடர்ச்சியும்

அந்த இடைவெளியை நேரடியாகக் கருத்திற்கொண்டது, நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7இல் பிறப்பித்த ஆணை ஆகும். மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரு பெண்கள், பெற்றோர் அளித்த ‘காணவில்லை’ புகார்களின் பேரில் காவல்துறை மேற்கொண்ட நடவடிக்கைகளிலிருந்து பாதுகாப்புக் கோரினர். நீதிபதி தாமே உளவியலாளர் ஒருவரிடம் அமர்ந்து இப்பொருள் குறித்துக் கற்ற பின்னரே ஆணையிட்டார். வயதுவந்தோர் தம் விருப்பப்படி சேர்ந்து வாழ்வது தெரியவந்தால் புகாரை முடித்துவைத்தல், தங்குமிட வசதி, பாலீர்ப்பை ‘மாற்றும்’ மருத்துவத்திற்குத் தடை ஆகியவை அவ்வாணையின் முதன்மைக் கூறுகள்.

இதன் தொடர்ச்சியாக 2022இல் மூன்று மாற்றங்கள் நிகழ்ந்தன. காவலர் நடத்தை விதிகளில், பால்புதுமையரையும் அவர்களுக்கு உதவுவோரையும் துன்புறுத்துவதைத் தடுக்கும் விதி சேர்க்கப்பட்டது. ‘மாற்று’ மருத்துவம் தொழில்முறை ஒழுக்கக்கேடு எனத் தேசிய மருத்துவ ஆணையம் அறிவித்தது. உரிய தமிழ்க் கலைச்சொற்பட்டியலைத் தமிழக அரசு அரசிதழில் வெளியிட்டது. தன் துயரைச் சொல்ல வருபவருக்கு இழிவற்ற சொல் ஒன்று தாய்மொழியில் கிடைப்பதும் தடுப்புப் பணியின் ஒரு பகுதியே.

எஞ்சும் சிக்கல்கள்

2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 377ஆம் பிரிவுக்கு இணையான விதி இல்லை. தற்கொலை முயற்சியும், அரசு ஊழியரை வற்புறுத்தும் நோக்குடன் செய்யப்பட்டாலன்றி, குற்றமன்று. ஆயின் 377 முற்றாக நீங்கியதால், ஆண்கள் மீதும் திருநர் மீதும் நிகழ்த்தப்படும் பாலியல் வன்முறைக்குரிய கடுந்தண்டனையும் நீங்கியது. 2019ஆம் ஆண்டின் திருநர் சட்டம் இத்தகைய குற்றங்களுக்கு விதிக்கும் உச்சத் தண்டனை இரண்டு ஆண்டுகளே. 2006இல் நிகழ்ந்ததைப் போன்ற கொடுமை மீண்டும் நிகழுமாயின், சட்டம் அளிக்கும் காப்பு முன்னினும் மெலிந்ததாகவே இருக்கும்.

மற்றொரு சிக்கல் இடம் சார்ந்தது. மேற்கூறிய அமைப்புகள் பெரும்பாலும் மாநகரின் உட்பகுதிகளில் வேரூன்றியவை. பூந்தமல்லியை அடுத்த நசரத்பேட்டை போன்ற புறநகர்களில் தொழிற்கல்வி நிறுவனங்கள் பெருகியுள்ளன. வெளி மாவட்டங்களிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் பயிலும் மாணவருக்கு, இராஜா அண்ணாமலைபுரத்திலுள்ள ‘சிநேகா’ 20 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவில் உள்ளது. 104, 14416 ஆகிய அரசுத் தொலைபேசி உதவி எண்கள் அத்தொலைவை ஒருவாறு குறைக்கின்றன. எனினும் விடுதிக் காப்பாளர், கல்லூரி ஆலோசகர், உள்ளூர்க் காவலர் ஆகியோரே அம்மாணவர் முதலில் எதிர்கொள்ளும் மனிதர்கள்.

முடிவுரை

தமிழகப் பால்புதுமையரிடையே தற்கொலைத் தடுப்பு என்பது மனநல ஆலோசனையின் வரலாறு மட்டுமன்று; காவல் நிலையம், மருத்துவமனை, குடும்பம், மொழி ஆகியவற்றில் உள்ள நெருக்கடிகளைத் தளர்த்திய வரலாறுமாகும். திருநருக்கு 2008இல் திறந்த வாயில், தன்பால் ஈர்ப்பினருக்கு 2021இல்தான் நீதிமன்றத்தின் வழியே திறந்தது. அவ்விடைப்பட்ட பதின்மூன்று ஆண்டுகளின் இழப்பு எந்த ஆவணத்திலும் முழுமையாகப் பதிவாகவில்லை. 2021 ஆணையின் கூறுகள் மாநகருக்கு வெளியே எந்த அளவுக்கு நடைமுறையாகின்றன என்பதைக் கல்லூரி, காவல் நிலைய அளவில் ஆராய்வதே இத்துறையின் அடுத்த பணியாகும்.