கல்பனா செத்தது எந்த வருசம்?

‘இருவர்’ பார்த்த ஒரு தம்பி கேட்டான்: “அண்ணை, ஜெயலலிதா விபத்திலயா செத்தவ?” சிரிப்பு வந்தது. பிறகு யோசிச்சால், பிழை அவனில இல்லை.

மணிரத்னத்தின் அந்தப் படம் 1997 தையில் வந்தது. ஆனந்தன், தமிழ்ச்செல்வன், கல்பனா என்று பெயரை மாற்றி, கற்பனைக் கதை என்றார்கள். நாங்களோ எம்.ஜி.ஆர், கருணாநிதி, ஜெயலலிதா என்றுதான் பார்த்தம். படத்தில் கல்பனா விபத்தில் இறக்கிறாள். உண்மையில் ஜெயலலிதா 1991இல் முதலமைச்சராகி, 2016 டிசம்பர் 5இல்தான் காலமானார்.

ஒரு காட்சியில் கையில் கட்டியிருந்த மணிக்கூடு அடுத்த காட்சியில் இல்லையென்றால் பிடிச்சுச் சிரிக்கலாம். ஒரு ஆளின்ர வாழ்க்கையையே மாத்தினால், தெரியாதவன் அதைத்தான் சரித்திரம் என்று நம்புவான். விட்டுப்போனது இன்னும் கண்ணில் படாது. எம்.ஜி.ஆர் 1917இல் இலங்கையில், கண்டிப் பக்கம் பிறந்தவர். 1980களில் ஈழத் தமிழருக்கு அவர் உதவினதை எங்கட வீடுகளில் இப்பவும் கதைப்பினம். படத்தில் அந்தக் கதை இல்லை.

தமிழ்நாட்டில் சரிபார்க்கப் பழைய பத்திரிகை இருக்கு, படச்சுருள் இருக்கு. வன்னியில் எத்தனையோ வீடுகளில் 2009க்கு முந்தின அல்பம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. நாளைக்கு முல்லைத்தீவில் கோவலன் கூத்துப் பழக்கின ஒரு அண்ணாவியாரைப் பற்றிப் படம் வந்தால், எதை வைச்சுப் பிழை எண்டு சொல்லப்போறம்?

வீட்டில் அப்பம்மா இருந்தால் இண்டைக்கே கேளுங்கோ: எந்த ஊர், எந்த வருசம், ஆர் ஆடினது? கேட்டதை எழுதி வையுங்கோ.