பாம்புக்குட்டியின் முதல் இரை

பாம்புக்குப் பால் வார்ப்பது நம் நாட்டில் வழிபாடாகவும் பழமொழியாகவும் நெடுங்காலமாக நிலைபெற்றுவிட்ட ஒன்றாகும். தமிழகத்தில் பெண்மணிகள் புற்றுக்குப் பால் ஊற்றி வணங்குவதை நாம் அறிவோம். பிழைப்பை நாடி மராட்டியத்திற்கும் வடபுலத்து நகரங்களுக்கும் வந்த நம்மவர், நாகபஞ்சமி நாளில் பாம்பாட்டிகள் கூடையும் மகுடியுமாய் வாயிலில் வந்து நின்றதையும், இல்லத்தார் கிண்ணத்தில் பால் கொணர்ந்து வைத்ததையும் கண்டனர். அங்ஙனமாயின், முட்டையினின்று அப்போதுதான் வெளிவந்த பாம்புக்குட்டிக்கும் பால்தான் உணவோ? இவ்வினாவுக்கு வரலாறு தரும் விடையைச் சற்றே ஆராய்வோம்.

லமார்ப் பிக்கோ என்னும் பிரெஞ்சுப் பயணி வங்காளத்தில் தாம் கண்ட செய்தி ஒன்றை 1832-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து அறிஞர்களுக்கு எடுத்துரைத்தார். இந்திய மலைப்பாம்பு தன் முட்டைகளைச் சுற்றி வளைந்து கிடந்து, கோழியைப் போல் அடைகாக்கிறது என்பதே அச்செய்தி. குளிர்ந்த குருதியுடைய பாம்பாவது, அடைகாப்பதாவது என்று அறிஞர்கள் அதனை ஏற்க மறுத்தனர். ஒன்பது ஆண்டுகள் கழிந்தன. 1841-இல் அதே பாரிஸ் நகரத்து விலங்குக் காட்சிசாலையில் ஒரு மலைப்பாம்பு 15 முட்டைகளை இட்டு, அவற்றைச் சூழ்ந்து படுத்தது. வலான்சியென் என்னும் அறிஞர் வெப்பமானி கொண்டு சோதித்து, அதன் உடற்சூடு சுற்றுப்புறத்தினும் மிகுந்திருப்பதைக் குறித்து வைத்தார். ஏறத்தாழ இரண்டு திங்களில் 8 குட்டிகள் வெளிவந்தன. ஏளனத்துக்கு ஆளான பயணியின் சொல் மெய்யாயிற்று.

நாம் கருதும் பொருளுக்கு இதன்பின் நிகழ்ந்ததே முதன்மையானது. பிறந்த குட்டிகள் முதற் பத்துப் பதினான்கு நாட்கள் எதையும் உண்ணவில்லை. நீர் பருகின, நீரில் அளைந்தன. தோலை உரித்த பின்னரே இரையை நாடின. சிறு குருவிகளை விட்டபோது, எவரும் கற்பிக்காமலே அவற்றின்மீது பாய்ந்து, உடலால் சுற்றி இறுக்கி, முழுதாக விழுங்கின. தாய் ஊட்டவில்லை. தாய்ப்பாம்பு குட்டிக்கு ஊட்டும் வழக்கம் பாம்பினத்தில் இல்லை.

அந்நாட்களில் குட்டிகள் எவ்வாறு உயிர் தாங்கின? முட்டைக் கருவில் எஞ்சிய மஞ்சள் அவற்றின் வயிற்றினுள் தங்கி உணவாகிறது. அது தீரும் வரை பசி எழுவதில்லை. இக்காலத்தில் பாம்புக் காட்சிசாலைகளிலும், வளர்ப்பதற்குச் சட்டம் இடந்தரும் அயல்நாடுகளிலும் பின்பற்றும் முறையும் இவ்வுண்மையையே தழுவியது. முதல் தோலுரிப்பு வரை பொறுத்திருப்பர்; பின்னர் குட்டியின் உடற்பருமனுக்கு ஏற்ற, மயிர் முளையாத எலிக்குஞ்சு ஒன்றைத் தருவர்; வாரத்திற்கு ஒரு முறை அதுவே போதும். உண்ட குட்டியை ஓரிரு நாள் தீண்டமாட்டார்கள். தீண்டினால் விழுங்கியதைக் கக்கிவிடும். காட்டில் வாழும் நாகக்குட்டியோ சிறு தவளையையும் பல்லியையும் தானே தேடிக்கொள்கிறது. நஞ்சும் படமும் அதற்குப் பிறவியிலேயே வாய்த்தவை.

பாலைச் செரிக்கும் ஆற்றல் பாம்பின் குடலுக்கு இல்லை. முலையூட்டும் உயிர்களுக்கே பால் இயற்கை உணவு. எனில், நாகபஞ்சமியன்று பாம்புகள் பாலைக் குடித்தது பொய்யா? பொய்யன்று, ஆனால் காரணம் வேறு. பாம்பாட்டிகள் பல நாட்கள் நீரும் காட்டாமல் கூடையில் அடைத்து வைத்திருந்தனர். நாவறண்ட உயிர் எந்த நீர்மத்தையும் பருகும். அவ்வாறு பருகிய பால் குடலைக் கெடுத்தும், மூச்சுப்பையினுள் புகுந்தும் பல பாம்புகளின் உயிரைக் குடித்தது. அன்பால் வார்த்த பாலே நஞ்சாயிற்று என்றால் அது மிகையன்று.

1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டுப் பாம்புகளைப் பிடிப்பதையும் வீட்டில் வளர்ப்பதையும் தடுத்தது. அச்சட்டம் எளிய மக்களின் பிழைப்பையும் தாக்கியது என்பதை மறைப்பதற்கில்லை. தோலுக்காகப் பாம்பு பிடித்துவந்த தமிழகத்து இருளர் மக்கள் வருவாய் இழந்து நின்றனர். ஆயினும் 1978-இல் சென்னையை அடுத்து அவர்களுக்கென ஒரு கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. பாம்பைக் கொல்லாமல் நஞ்சை மட்டும் எடுத்து, மீண்டும் காட்டில் விடுவது அவர்தம் தொழிலாயிற்று. அந்நஞ்சே பாம்புக்கடிக்கு மருந்து செய்ய மூலப்பொருள். இருளர் குடியைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது. பழைய அறிவு புதிய வழியில் பயன்பட்டமைக்கு இது சான்று.

நாம் வாழும் ஊர் எதுவாயினும், மழைக்காலத்தில் வீட்டு முற்றத்தில் விரற்கனமுள்ள ஒரு குட்டி தென்படக்கூடும். அதனைக் கையால் தொடலாகாது. சிறியதாயினும் நஞ்சுடையதாக இருக்கலாம். அடிக்கவும் வேண்டா, பால் வைக்கவும் வேண்டா. பிள்ளைகளை அப்புறப்படுத்திவிட்டு, வனத்துறைக்கோ பயிற்சி பெற்ற பாம்பு மீட்பருக்கோ சொல்லி அனுப்புதல் போதும். தனக்குரிய இரையைத் தேடிக்கொள்ள அதற்குத் தெரியும். வழிபாட்டின் உட்பொருள் உயிரைக் காப்பதே என்றால், அக்குட்டி போகும் வழியைத் தடுக்காமல் விடுவதும் ஒரு வழிபாடே ஆகும்.