நெல்லூர்க் காளையும் பிரேசில் பண்ணையும்

சோழமண்டலக் கரையின் கடல் வாணிகம் என்றதும் மரக்காயர்களின் கப்பல்களும், முத்தும், துணியும், அரபுக் குதிரைகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. இக்கரைக்குரிய மாட்டினம் ஒன்றும் கடல் கடந்து பெரும்புகழ் பெற்றது என்பது நம்மில் பலர் அறியாத செய்தியாகும்.

மரக்காணம் உப்பளங்களை அடுத்த பிரம்மதேசம் போன்ற ஊர்களில் மாடு என்பது ஏருக்கும் வண்டிக்கும் பாலுக்கும் உரியது. பண்டை உமணரின் உப்பு வண்டிகளை இழுத்தவையும் எருதுகளே. இதே கரையின் வடபகுதியில், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில் அடங்கியிருந்த ஓங்கோல் வட்டாரத்து மாடுகளும் உழைப்புக்கும் பாலுக்குமாக வளர்க்கப்பட்டன.

1868இல் இங்கிலாந்து நோக்கிச் சென்ற கப்பலொன்று பிரேசிலின் சால்வடார் துறைமுகத்தில் தங்கியபோது, அதிலிருந்த ஓங்கோல் மாடுகள் இரண்டு அங்கு விற்கப்பட்டன. 1878இல் ரியோ டி ஜெனீரோ பகுதிப் பண்ணையாளரான மனோயல் லெம்குருபர், ஹாம்பர்க் விலங்குக் காட்சிச்சாலையிலிருந்து ஓர் இணையை வாங்கினார். அவர் மந்தையின் வழிவந்தவை இன்றளவும் அக்குடும்பப் பெயராலேயே தனிக் கொடிவழியாக அறியப்படுகின்றன. மாவட்டத்தின் பெயர் திரிந்து 'நெலோர்' என இனத்தின் பெயராயிற்று.

வெண்ணிற மயிரும், அதன்கீழ் கருந்தோலும், உண்ணிகளை எதிர்க்கும் ஆற்றலும் கொண்ட இவ்வினம், ஐரோப்பிய மாடுகள் தளர்ந்துபோகும் வெப்பத்திலும் செழித்தது. 1938இல் இதற்கென வம்சாவளிப் பதிவேடு தொடங்கப்பெற்றது. 1960களின் தொடக்கத்தில் டோரஸ் ஓமெம் ரோட்ரிகஸ் டா குன்யா உள்ளிட்ட பண்ணையாளர்கள் மீண்டும் இந்தியாவிலிருந்து பொலிகாளைகளைக் கொண்டு சென்றனர். ஓங்கோலுக்கு அருகிலுள்ள கரவதி என்னும் சிற்றூரின் பெயரைத் தாங்கிய காளை, அங்கே புகழ்பெற்ற மூதாதையாயிற்று. இன்று பிரேசிலின் இறைச்சி மந்தைகளில் பெரும்பகுதி நெலோர் வழியினவே. முஸ்லிம் நாடுகளுக்கு ஹலால் மாட்டிறைச்சியை மிகுதியாக அனுப்பும் நாடுகளுள் பிரேசிலும் ஒன்றாகும்.

குதிரைகளின் நசபை, தம் குலத்தின் நசபைப் போலவே அரபுகள் போற்றிக் காத்தனர். பிரேசில் குடும்பங்கள் செய்ததும் அதுவே. தமிழகத்தில் பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் காங்கேயம் இனத்தைத் தலைமுறைகளாகப் பேணியதும் இவ்வகையினதே. டிராக்டரின் வரவால் உழைப்புக்கான தேவை குறைந்தபோது, தாயகத்தில் ஓங்கோல் மந்தைகள் சுருங்கின. குண்டூரை அடுத்த லாம் கால்நடை ஆராய்ச்சி நிலையம் அவற்றைக் காக்கும் பணியில் ஈடுபட்டுள்ளது.

திருக்குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் பசுவின் பெயரையும், ஆறாம் அத்தியாயம் கால்நடைகளின் பெயரையும் தாங்கியுள்ளன. கால்நடை இறைவன் அளித்த அமானிதம் என்று நம்புவோர்க்கு, அதன் வம்சத்தை அறிந்து காப்பதும் அவ்வமானிதத்தைப் பேணுவதன் ஒரு பகுதியேயாகும்.