கையுறையிலிருந்து களிம்பு வரை: மங்கு மருந்தின் வரலாறு

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரங்களில் தோல் பதனிடும் தொழிலை அறியாத குடும்பம் நம்மில் அரிது. கன்னத்தில் படரும் மங்குக்கு இடும் களிம்பின் வரலாற்றிலும் ஒரு தோல் ஆலைக்கு இடமுண்டு என்பதை நம்மில் பலர் அறியோம்.

1939-ஆம் ஆண்டு, அமெரிக்கத் தோல் ஆலையொன்றில் ரப்பர் கையுறை அணிந்த தொழிலாளர்களின் கைகள் வெளுத்துப் போனதை மருத்துவர்கள் பதிவு செய்தனர். ரப்பர் கெடாதிருக்கக் கலந்த மோனோபென்சோன் என்னும் வேதிப்பொருளே அதற்குக் காரணம். 1950-களில் அதனையே முகக் கருமைக்குப் பூசிப் பார்த்தனர். சிலருக்கு நீங்காத வெண்திட்டுகள் எஞ்சின. பின்னர் அதன் இனத்தைச் சேர்ந்த, வீரியம் குறைந்த ஹைட்ரோகுவினோன் வழக்கிற்கு வந்தது. 1975-இல் க்ளிக்மன், வில்லிஸ் என்னும் மருத்துவர்கள் அதனுடன் டிரெட்டினாயினையும் ஸ்டீராய்டையும் சேர்த்து மும்மருந்துக் களிம்பை வகுத்தனர்.

சில வாரங்கள் மட்டும், மருத்துவர் கண்காணிப்பில் இட வேண்டிய அதனை, நம் நாட்டில் பலர் சிவப்பழகு கிரீமாக மாதக்கணக்கில் பூசினர். தோல் மெலிந்தது, முகம் சிவந்தது, பருவும் முடியும் தோன்றின. 2018-இல் இந்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கத் தடை விதித்தது.

மங்குக்குக் கர்ப்பமும் கருத்தடை மாத்திரையும் வெயிலும் தூண்டுகோல்கள். வெயிலைத் தடுக்காமல் எக்களிம்பும் பலன் தராது. பெண் பார்க்க வருவோருக்காக அவசரப்பட்டு மகளின் முகத்தில் எதையும் பூசாதிருப்போம். உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.