ஹிப்ஹாப் இசைக்காணொளி மரபில் நடனக் கலைஞரின் இடம்: ஒரு வரலாற்று நோக்கு

திறவுச்சொற்கள்: ஹிப்ஹாப், இசைக்காணொளி, பிரேக்கிங், காட்சி மரபு, நடன உழைப்பு

முன்னுரை

1981 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவில் ஒளிபரப்பைத் தொடங்கிய எம்டிவி அலைவரிசை, ஒவ்வொரு இசைக்காணொளியின் தொடக்கத்திலும் முடிவிலும் திரையின் கீழ்ப்பகுதியில் சில வரிகளை இடுவதை வழக்கமாக்கியது. கலைஞர், பாடல், இசைத்தொகுப்பு, வெளியீட்டு நிறுவனம் ஆகியவற்றின் பெயர்கள் அவ்வரிகளில் இருந்தன. 1992இல் இயக்குநரின் பெயரும் சேர்ந்துகொண்டது. ஆடியவர்களுக்கும் ஆட்டத்தை அமைத்தவருக்கும் அங்கு இடமில்லை. தமிழ்த் திரைப்படங்களின் பெயர்வரிசையில் 'நடனம்' என்னும் தனி வரி நெடுங்காலமாக இருந்துவருவதோடு ஒப்பிட்டால் இவ்விடுபடல் வியப்பளிக்கிறது. குழுவில் ஆடுபவர்களின் பெயர்கள் இங்கும் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை என்பது வேறு செய்தி.

ஹிப்ஹாப் காணொளிகளின் காட்சி மரபுகள் ஆய்வுலகிற்குப் புதியவை அல்ல. ட்ரிஷா ரோஸ் 'பிளாக் நாய்ஸ்' (1994) என்னும் நூலில், சொந்தத் தெருவும் உடன்நிற்கும் தோழர் குழுவும் ராப் காணொளிகளின் அடிப்படைக் கூறுகளாக அமைவதை எடுத்துக்காட்டினார். முரே ஃபோர்மன் 2002இல் வெளியிட்ட நூல் இடம் என்னும் கருத்தாக்கத்தை மேலும் விரித்தது. தெருவும் கூட்டமும் இவ்வாறு விளக்கம் பெற்றுள்ளன. இக்கட்டுரை அக்கூட்டத்துள் ஆடிக்கொண்டிருப்பவரைப் பற்றியது. சட்டகத்தின் நடுவிலிருந்து அவர் விளிம்புக்கு நகர்ந்ததற்கு ரசனை மாற்றத்தைவிட உற்பத்தி முறையே முதன்மைக் காரணம் என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

ஆடுபவருக்காக நீண்ட இசை

1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் கட்டடத்தில் கூல் ஹெர்க் நடத்திய விருந்து, ஹிப்ஹாப் வரலாற்றின் தொடக்கப்புள்ளியாகக் கொள்ளப்படுகிறது. பாடலில் குரல் அடங்கித் தாளம் மட்டும் ஒலிக்கும் 'பிரேக்' பகுதிக்காக ஆடுபவர்கள் காத்திருப்பதை ஹெர்க் கவனித்தார். ஒரே இசைத்தட்டின் இரு படிகளை அருகருகே சுழலவிட்டு, சில நொடிகளே நீளும் அப்பகுதியைப் பல நிமிடங்களுக்கு நீட்டினார். அதற்கு ஆடியவர்களே பி-பாய், பி-கேர்ள் எனப்பட்டனர். ஒலிவாங்கியைப் பிடித்திருந்தவரின் பணி அவர்களை ஊக்கப்படுத்துவதாகவே முதலில் இருந்தது. ஆக, ஆடுபவரின் தேவையே இசையின் வடிவைத் தீர்மானித்தது.

1979இல் 'ரேப்பர்ஸ் டிலைட்' இசைத்தட்டு வெளிவந்தபோது இவ்வரிசை தலைகீழாயிற்று. இசைத்தட்டில் குரலைப் பதியலாம். ஆட்டத்தைப் பதிய இயலாது. விற்பனைக்குரிய பொருளாகக் குரல் மாறிய பின்னர், அக்குரலுக்குரியவரே கலைஞர் எனப்பட்டார்.

காணொளி தோன்றியபோது ஆட்டம் மீண்டும் கண்ணுக்குத் தெரியலாயிற்று. மால்கம் மெக்லாரனின் 'பஃபலோ கேர்ள்ஸ்' (1982) காணொளியில் ராக் ஸ்டெடி குழுவினரின் பிரேக்கிங்கும் டோண்டியின் சுவர் ஓவியமும் இடம்பெற்றன. பிராங்க்ஸின் ஆட்டத்தைத் தொலைவிலிருந்தோர் பலர் இதன்வழியே முதன்முதலில் கண்டனர். ஆனால் அப்பாடல் ஓர் ஆங்கிலேயரின் பெயரில் விற்பனையானது.

அதே ஆண்டில் வெளிவந்த 'தி மெசேஜ்' காணொளியில் ஆட்டமே இல்லை. நியூயார்க் தெருக்களில் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் குழுவினர் நிற்கின்றனர், நடக்கின்றனர். இறுதியில் காவலர்கள் அவர்களை வண்டியில் ஏற்றிச் செல்கின்றனர். சீரழிந்த தெருவைப் பின்னணியாக்கிக் குழுவாக நின்று ஒளிப்படக் கருவியை நேர்நோக்கும் முறைக்கு இது முன்மாதிரியாயிற்று. இப்பதிவில் டியூக் பூட்டி என்பவரின் குரலில் ஒலிக்கும் பகுதிகளுக்குக் காணொளியில் உதடசைப்பவர் குழு உறுப்பினரான ரஹீம். காணொளி யாரைக் காட்டுகிறது என்பதும் வேலையைச் செய்தவர் யார் என்பதும் தொடக்கத்திலேயே பிரிந்துவிட்டன.

இரு மரபுகளின் சந்திப்பு

கறுப்பினக் கலைஞர்களின் காணொளிகளை எம்டிவி தொடக்கத்தில் மிக அரிதாகவே ஒளிபரப்பியது. 1983இல் டேவிட் போவி அந்த அலைவரிசையின் நேர்காணலிலேயே இதைக் குறித்து வினவினார். அவ்வாண்டில் மைக்கேல் ஜாக்சனின் காணொளிகள் அத்தடையைத் தகர்த்தன. அவற்றுள் 'பீட் இட்' நடனக் காணொளிகளுக்கு நிலையான ஓர் அமைப்பை வழங்கியது. தலைவர் முன்நிற்க, குழுவினர் பின்னால் முக்கோண வடிவில் ஒரே அசைவைச் செய்யும் அமைப்பு அது. நடனத்தை அமைத்த மைக்கேல் பீட்டர்ஸ் இரு கும்பல் தலைவர்களுள் ஒருவராக நடித்துமிருந்தார். உண்மையான லாஸ் ஏஞ்சலிஸ் கும்பல் உறுப்பினர்களும் சட்டகத்தில் இருந்தனர். 1984இல் எம்டிவியின் முதல் விருது விழாவில் 'த்ரில்லர்' சிறந்த நடன அமைப்புக்கான விருதைப் பெற்றது. ஆண்டுக்கு ஓர் இரவு மேடையில் பெயர் கிடைத்தது. திரையின் அடியில் அன்றாடம் கிடைக்கவில்லை.

ரன்-டிஎம்சி குழுவின் 'ராக் பாக்ஸ்' (1984) எம்டிவியில் இடம்பிடித்த முதல் ராப் காணொளியாகக் கருதப்படுகிறது. 1988 ஆகஸ்டில் 'யோ! எம்டிவி ராப்ஸ்' தொடங்கியபோது ராப் காணொளிக்கெனத் தனி நேரம் வாய்த்தது. தொகுப்பாளர் ஃபேப் 5 ஃபிரெடி கலைஞர்களை அவர்களுடைய பகுதிகளுக்கே சென்று சந்தித்தார். தெரு பின்னணியாக மட்டும் இல்லாமல், கலைஞரின் உண்மைத்தன்மைக்குச் சான்றாகவும் ஆயிற்று. 1989இல் ஸ்பைக் லீ இயக்கிய 'ஃபைட் தி பவர்' காணொளி, புரூக்ளின் தெருவில் ஓர் அரசியல் பேரணியையே நடத்திக்காட்டி இம்மரபை அதன் உச்சத்துக்குக் கொண்டுசென்றது.

1988 முதல் 1992 வரையிலான இக்குறுகிய காலம் தனிக் கவனத்திற்குரியது. அக்காலத்தில் நடனக் கலைஞருக்குப் பெயர் இருந்தது. பிக் டாடி கேனுடன் ஆடிய ஸ்கூப், ஸ்க்ராப் இருவரையும் ரசிகர்கள் பெயர்சொல்லி அறிந்திருந்தனர். டுபாக் ஷகூர் டிஜிட்டல் அண்டர்கிரவுண்டு குழுவில் பின்னணி ஆட்டக்காரராகவே தொழிலைத் தொடங்கினார். ஹெவி டி குழுவின் ஆட்டக்காரர் ட்ரபிள் டி ராய் 1990இல் விபத்தில் இறந்தார். அவர் நினைவாக பீட் ராக், சி.எல். ஸ்மூத் இருவரும் 1992இல் வெளியிட்ட பாடலின் தலைப்பில், அவர் பெயரின் எழுத்துகளே சுருக்கமாகப் பொதிந்துள்ளன. ஹிப்ஹாப் வரலாற்றில் பெரிதும் போற்றப்படும் பாடல்களுள் ஒன்று ஓர் ஆட்டக்காரருக்கான இரங்கற்பா என்பதை இசை வரலாறுகள் ஓர் அடிக்குறிப்பாகக் கடந்துவிடக்கூடாது.

ஆடாத ராப்பர்

பிறகு திசை மாறியது. எம்.சி. ஹேமரின் 'யூ கான்ட் டச் திஸ்' (1990) பெற்ற பெருவெற்றியே ஆட்டத்தை ஐயத்துக்குரியதாக்கியது. ஆடுபவர் சந்தைக்கு இணங்கியவர் என்றும், ஆடாமல் நிற்பவரே உண்மையானவர் என்றும் ஒரு மதிப்பீடு வலுப்பெற்றது. டாக்டர் டிரேயின் 'நத்தின் பட் அ ஜி தாங்' காணொளியில் ராப்பர்கள் தலையசைப்பதோடு நின்றுகொள்கின்றனர். விசையழுத்தத்தால் துள்ளும் தாழ்தளக் கார்களே அங்கு ஆடுகின்றன எனலாம். சுற்றியுள்ள விருந்தில் ஆடுவோர் பின்புலமாகின்றனர்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் காணொளிகளின் செலவு பன்மடங்கு பெருகியது. இயக்குநர் ஹைப் வில்லியம்ஸ் பயன்படுத்திய மீன்கண் வில்லை, நடுவிலிருப்பவரின் உருவைப் பெருக்கி விளிம்பிலிருப்பவற்றை வளைத்துச் சிறுக்கச் செய்தது. இதை வெறும் அழகியல் தேர்வாக மட்டும் கொள்ள இயலாது. யார் விற்பனைப் பொருள் என்பதை வில்லையே அறிவித்தது. எனினும் அதே வில்லையை மிஸ்ஸி எலியட் 'தி ரெயின்' (1997) காணொளியில் வேறுவிதமாகக் கையாண்டார். காற்றடைத்த கறுப்பு உடையில் தம் உடலின் பருமனைத் தாமே மிகைப்படுத்தி, பெண்ணுடல் குறித்த எதிர்பார்ப்பைப் பகடி செய்தார். நடன இயக்குநர் ஹை-ஹாட்டுடன் இணைந்து அவர் பின்னர் உருவாக்கிய காணொளிகளில் ஆட்டம் மீண்டும் நடுவுக்கு வந்தது. இது பெருவழக்கிலிருந்து விலகிய பாதை.

பெருவழக்கு 2003இல் நெல்லியின் 'டிப் டிரில்' காணொளியில் தன் எல்லையைத் தொட்டது. அதில் கடன் அட்டை ஒன்று பெண்ணொருத்தியின் உடல்மீது தேய்க்கப்படுகிறது. 2004இல் அட்லாண்டாவின் ஸ்பெல்மன் கல்லூரியில் நெல்லியின் அறக்கட்டளை எலும்பு மஜ்ஜைக் கொடையாளர் பதிவு முகாம் ஒன்றைத் திட்டமிட்டது. கறுப்பினப் பெண்களுக்கான அக்கல்லூரியின் மாணவியர், அவர் இக்காணொளி குறித்துத் தங்களுடன் உரையாட வேண்டும் எனக் கோரினர், முகாம் கைவிடப்பட்டது. மறு ஆண்டில் 'எசன்ஸ்' இதழ் இதே சிக்கலை முன்வைத்து ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. இவ்வெதிர்ப்புகளின் நியாயம் மறுக்க இயலாதது. ஆயினும் பெண்ணுடல் எவ்வாறு சித்திரிக்கப்படுகிறது என்ற வினாவோடு திறனாய்வு நின்றுவிட்டால், அவ்வுடலுக்குரியவர் ஒரு நாள் ஊதியத்துக்கு வந்த தொழிலாளி என்பது மறைந்துவிடுகிறது. அவரைப் பெயரற்றவராக்குவதில் காணொளியும் அதன் திறனாய்வும் ஒன்றுபடுகின்றன.

ஒப்பந்தமும் பெயரும்

காணொளிகளில் ஆடுவோரின் பணிநிலையை வரையறுக்கும் தொழிற்சங்க ஒப்பந்தம், திரை நடிகர் சங்கமான சாக்-ஆஃப்ட்ராவுக்கும் பெரிய இசை நிறுவனங்களுக்கும் இடையே 2012இல்தான் ஏற்பட்டது. எம்டிவி தொடங்கி முப்பத்தோராம் ஆண்டு அது. சட்டப் பாதுகாப்பு இதைவிடச் சிக்கலானது. 1976ஆம் ஆண்டின் அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் நடன அமைப்பைப் படைப்பாக ஏற்கிறது. ஆனால் தனி அசைவுகளும் சமூக ஆட்ட அடிகளும் எளிய ஆட்டத் தொடர்களும் அதன் வரம்புக்கு வெளியே உள்ளன. ஹிப்ஹாப் ஆட்டத்தின் பெரும்பகுதி இவ்வாறே வெளியில் நிற்கிறது.

2007இல் சோல்ஜா பாயின் 'கிராங்க் தட்' யூடியூப் வழியே பரவியபோது, பார்வையாளர் ஆடிப் பதிவேற்றுவதே பாடலின் விளம்பரமாயிற்று. ஆட்டம் மீண்டும் இசையை முன்செலுத்தியது, எழுபதுகளின் பிராங்க்ஸில் நிகழ்ந்ததைப் போலவே. 2019இல் அட்லாண்டா பகுதியைச் சேர்ந்த பதினான்கு வயதுச் சிறுமி ஒருவர் 'லாட்டரி' என்னும் பாடலுக்கு அமைத்த 'ரெனிகேட்' ஆட்டம், அவர் பெயரின்றி டிக்டாக்கில் உலகெங்கும் பரவியது. அதை ஆடிய பிறர் புகழ்பெற்றனர். 2020 பிப்ரவரியில் 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழ் செய்தி வெளியிட்ட பின்னரே உரியவர் யாரென்பது பரவலாகத் தெரியவந்தது. ஆட்டத்தை அமைத்தவர் பெயரை, 'டிசி' என்ற சுருக்கக் குறியை அடுத்துக் காணொளியின் அடியில் எழுதும் வழக்கம் இளம் ஆட்டக்காரர்களிடையே வேரூன்றியது. எந்த அலைவரிசையும் எந்த ஒப்பந்தமும் விதிக்காத வரி அது.