கடிதம் போனது, சேர வேண்டியவரிடம் சேர்ந்ததா?



நாட்டின் உளவுத்துறை சீர்பட முதலில் வேண்டியது கூடுதல் ஒற்றர்களா, கூடிப் பேசும் அலுவலகங்களா? எதிரணித் தங்கை, "ஆளைக் கூட்டுங்க, சாட்டிலைட்டைக் கூட்டுங்க"ன்னு சொல்லிட்டுப் போனாங்க. கூட்டலாம். ஆனா கார்கிலில் நடந்தது என்ன?

1999 மே மாதம். மலைமேல் அந்நியர் ஏறி உட்கார்ந்ததை முதலில் வந்து சொன்னது யார்? கால்நடை மேய்க்கிறவங்க! போர் முடிந்ததும் அரசு ஒரு குழு அமைத்தது. தலைவர், நம்ம திருச்சியில் பிறந்த கே.சுப்பிரமணியம். சேகரிப்பிலும் ஓட்டை இருந்ததுன்னு அந்தக் குழு எழுதியது, மறுக்கலை. ஆனால் இன்னொன்றையும் எழுதியது. 1998 ஜூனிலேயே ஐ.பி. இயக்குநர், எல்லைக்கு அப்பால் நடப்பதைப் பற்றிக் கையெழுத்திட்டுக் கடிதம் அனுப்பியிருக்கிறார். பிரதமருக்குப் போனது. உள்துறை அமைச்சருக்குப் போனது. வெளிநாட்டு உளவைக் கவனிக்கும் 'ரா' தலைவருக்கு? போகலை. கூட்டு உளவுக் குழுத் தலைவருக்கு? போகலை. ராணுவ உளவுத் தலைவருக்கு? அவருக்கும் போகலை!

ஐ.பி. 1887-ல் வெள்ளைக்காரன் தொடங்கியது. 1962, 1965 போர்களில் பட்டபிறகு, 1968-ல் அதிலிருந்து 'ரா'வைப் பிரித்தோம். தனிக்குடித்தனம் வைத்தது சரி. அதுக்காகப் பேச்சுவார்த்தையே நின்னு போகலாமா? (சிரிப்பு)

எங்க மந்தைவெளித் தெருவில் ஒரு திருடன் நோட்டம் பார்க்கிறான்னு வைங்க. மளிகைக் கடைக்காரர் பார்க்கிறார், பால்காரர் பார்க்கிறார், இஸ்திரி போடுறவரும் பார்க்கிறார். மூணு பேரும் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கலைன்னா, ராத்திரி வீடு போயிடும்.

கார்கிலில் போனது வீடு இல்லீங்க. 527 வீரர்களின் உயிர். அவர்களில் ஒருவர் திருச்சி மேஜர் சரவணன். மே 29-ல் பட்டாலிக்கில் விழுந்தார். அவர் உடலை மீட்கவே ஒரு மாதத்துக்கு மேல் ஆனது.

பாடம் படித்தோமா? செய்திகளைச் சேர்த்துப் பார்க்க 2001-ல் பல்துறை மையம் வந்தது. இருந்தும் 2008 நவம்பர் 26-ல் மும்பையில் 166 பேர் மடிந்தார்கள். கடல்வழி ஆபத்து பற்றிய எச்சரிக்கைகள் முன்பே வந்திருந்தன! அதன்பிறகுதான் அந்த மையம் 24 மணி நேரமும் இயங்க ஆரம்பித்தது.

ஒற்றன் உயிரைப் பணயம் வைத்துக் கொண்டுவரும் செய்தி, ஒருவர் மேஜை டிராயரில் தூங்கினால் அது அவனுக்கும் துரோகம், எல்லையில் நிற்கிற பிள்ளைக்கும் துரோகம். ஆகவே நடுவர் அவர்களே, முதலில் வேண்டியது கூடிப் பேசும் அலுவலகங்களே என்று கூறி அமர்கிறேன். (கைதட்டல்)